வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு!

விடியுமுன் நடவுக்கும் முதல் ஷிப்டுக்கும் ஓடும் தாய், பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச நேரமேது? 1956-ல் மதிய உணவு வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. வரவேற்கிறோம். பசித்த வயிற்றில் பாடம் ஏறாதென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே, சாப்பிட்டு எழுந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதுமென்கிறது 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம். வகுப்போ ஐந்து! ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மிஞ்சுவது ஒருவரே. ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கைபிடித்து ‘அ’ எழுதவைப்பாரா, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போடுவாரா? ஒரே ஆளைக் கூடுதல் சைடு பார்க்கச் சொன்னால் என்ன ஆகுமென்று மில் தோழர்களுக்குத் தெரியும். இங்கே அறுவது நூலல்ல.

ஆசிரியரை ஏசிப் பயனில்லை. அவரும் உழைப்பாளிதான். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கேட்டு அடுத்த கிராமசபையில் தீர்மானம் கொண்டுவருவோம்.