72 வயதின் கணக்கு

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணுஉலைகள் உருகின. அடுத்த சில வாரங்களில் யாசுதெரு யமாதா என்ற ஓய்வுபெற்ற பொறியாளர், தன் வயதொத்தவர்களைத் தேடித்தேடிக் கடிதம் அனுப்பினார். அவருக்கு அப்போது 72 வயது. உலையில் இறங்கி வேலை செய்ய அறுபது கடந்தவர்கள் வரவேண்டும் என்று கேட்டார். காரணத்தையும் மறைக்கவில்லை: கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் தலைகாட்ட 20, 30 ஆண்டுகள் ஆகலாம், எனக்கு மிச்சமிருப்பது 13 அல்லது 15 ஆண்டுகள், இளைஞன் ஏன் போகவேண்டும்? ஜூன் மாதத்துக்குள் 200 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள்.

இதைவிடத் தெளிந்த தியாகத்தை அண்மைக் காலத்தில் நாம் அறியோம். முதியவர் முன்னே போகும் வழக்கம் பூச்சிகளிடமும் உண்டு: பிரெஞ்சு கயானாவின் ஒருவகைக் கரையானைப் பாருங்கள். தாடை தேய்ந்துபோன முதிய கரையான்களின் முதுகில்தான் நஞ்சை உண்டாக்கும் நீலப்படிகம் அதிகம் சேர்கிறது. எதிரி வந்தால் அவை உடல் வெடித்து நஞ்சைப் பீய்ச்சிச் சாகின்றன. கரையானுக்கு அது உடலின் ஏற்பாடு. யமாதா உட்கார்ந்து யோசித்து அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

மருத்துவம் ஒருநாள் மூப்பை ஒழித்துவிட்டால் யமாதாவின் இந்த யோசனைக்கு இடமிருக்காது. வளமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தை ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று. உடல் அந்த நிலையிலேயே நின்றுவிட்டால் சராசரி ஆயுள் பத்தாயிரம் ஆண்டுகளைத் தொடும். அப்போது 72 வயதுக்காரரும் 20 வயதுக்காரரும் இழக்கப்போவது ஒரே அளவுதான். “நான் வாழ்ந்துவிட்டேன், நீ தள்ளி நில்” என்று சொல்லும் தகுதி எவருக்கும் இராது. நம் வீடுகளில் பாட்டியும் தாத்தாவும் எத்தனை முறை சொன்ன சொல் அது!

அதனால் மனிதர்கள் கோழைகளாகிவிடுவார்கள் என்று நாம் நினைக்கவில்லை. 1986இல் செர்னோபில்லில் தீயணைக்கப் போன விளாதிமிர் பிராவிக்குக்கு 23 வயது, கைக்குழந்தையின் தகப்பன். எரியும் கூரைக்கு ஏறும்போது அவர் மிச்ச ஆயுளை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். பதினைந்து நாளில் இறந்துபோனார். கிணற்றில் குழந்தை விழுந்தால், பத்தாயிரம் ஆண்டு ஆயுள் உள்ளவரும் குதிக்கத்தான் செய்வார். அழியக்கூடியது, இரவெல்லாம் விழித்திருந்து யோசித்து, காலையில் போய்ப் பெயர் கொடுக்கிறோமே, அந்தத் தியாகம்.

உலைகள் அப்போதும் உருகும். யாராவது இறங்கியாக வேண்டும். யார்? மூப்பை ஆராய கூகுள் 2013இல் காலிகோ நிறுவனத்தைத் தொடங்கியது. பெருஞ்செல்வர்கள் இதில் பணத்தைக் கொட்டுகிறார்கள். கண்டுபிடிக்கப்படும் மருந்து எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கப்போவதில்லை. கிடைக்காதவர்களின் உயிர் மலிந்துபோகும். ஃபுகுஷிமாவிலேயே இதன் சாயல் தெரிந்தது. ஒசாகாவின் கமகசாகியில் கூலிக்கு நின்ற ஒருவரை, வேறு மாவட்டத்தில் லாரி ஓட்டும் வேலை என்று சொல்லி அழைத்துப்போய் அணுஉலை வளாகத்தில் விட்டார்கள். யமாதாவின் பட்டியல் இந்த வழக்கத்துக்கு எதிரான பட்டியலும்கூட. ஆனால் அதை ஏற்க ஜப்பானிய அரசு தயங்கியது.

இங்கே இந்தியாவிலும், கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013இன் சட்டம் இருந்தும் சாக்கடைக் குழிக்குள் ஆட்களை இறக்குகிறோம். சாவுக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. இறக்குவது நிற்கவில்லை.

புறநானூற்றின் 182ஆம் பாடலில், கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி இந்த உலகத்தைத் தாங்கி நிற்பவர்களைப் பற்றிச் சொல்கிறான். புகழுக்காக உயிரையும் கொடுப்பவர்கள் அவர்கள். ஆனால் அதற்கும் முன்னதாக அவன் சொல்வது, அமிழ்தமே கிடைத்தாலும் அவர்கள் அதைத் தனித்து உண்பதில்லை என்பதைத்தான். இந்த வரிசை நமக்கு முக்கியம் என்று படுகிறது.

ஆயுளை நீட்டும் ஆராய்ச்சியை நாம் எதிர்க்கவில்லை. அந்த மருந்து வரும் நாளில் வரிசையின் முதலிடம் உலைக்குள்ளும் குழிக்குள்ளும் இறங்குகிறவர்களுக்கு வேண்டும் என்று கேட்கிறோம். அவர்களுக்கும் பத்தாயிரம் ஆண்டு இருந்தால், அவர்களை இறங்கச் சொல்ல யாருக்கு நா எழும்?