இசக்கியின் கை

கமல்ஹாசனின் கலைப்பயணம் என்று ஆரம்பித்தால் நம்ம அறிவுசீவிகளுக்கு வாய் மூடாது. 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தையாக வந்தவர், 1997-ல் 'சாச்சி 420' இயக்கினார், பிறகு 'ஹே ராம்', 'விருமாண்டி', 'விஸ்வரூபம்'. உழைப்பாளி, சந்தேகமில்லை. அவர் நடிப்போடு எனக்குச் சண்டை கிடையாது. என் சண்டை ஒரு கையைப் பற்றியது.

'தேவர் மகன்' 1992 தீபாவளிக்கு வந்தது. இயக்கம் பரதன், கதை, வசனம், தயாரிப்பு கமல். உத்திரமேரூர்ப் பக்கம் எங்க சேரியில வாடகைக்கு டெக் எடுத்து, தெருவுல டிவி வெச்சு ராத்திரி பூரா படம் போடுவாங்க. (குடவோலைக்குப் பேர்போன உத்திரமேரூர்தான். நிலமும் வேதமும் உள்ளவன் பேர்தான் அந்தக் குடத்தில் விழுந்தது.) படத்துல பூட்டிக் கிடக்கிற கோயிலை இசக்கி திறக்கிறான். சின்ன எசமான் சொல்லித்தான் திறக்கிறான். அவன் கையை வெட்டிடறாங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அவனே அதை வெச்சுத் தமாஷ் பண்றான். தெருவே சிரிச்சது, நானும் சிரிச்சேன். வடிவேலு அப்படி நடிச்சிருப்பார்.

எங்க நைனா சிரிக்கல. படம் முடிஞ்சதும், "அந்தக் கை வெட்டுன கேசு இன்னாடா ஆச்சு?"ன்னார்.

"அதெல்லாம் காட்டல நைனா."

"இன்னா படம்டா இது"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினு போய்ட்டார்.

இசக்கி இன்ன சாதி என்று படம் சொல்லாது. எங்க தெருவில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லேயே வந்தாயிற்று. படமோ இசக்கியை விட்டுவிட்டுப் பங்காளிச் சண்டையின் பின்னால் போய்விட்டது.

கையைவிடப் பாட்டு தூரம் போனது. எங்க பக்கம் அந்தச் சாதி கிடையாது. ஆனாலும் ஆடி மாசம் ஊர்த்தெருவில் கூழ் ஊத்தும்போது, ஸ்பீக்கர் குழாயைச் சேரிப்பக்கம் திருப்பிக் கட்டி அந்தப் பாட்டைப் போட்டார்கள். பாட்டில் இருக்கிற சாதி வேற, போட்டவன் சாதி வேற. யாருக்குக் கேக்கணும்னு போட்டானோ அவனுக்குக் கேட்டுச்சு.

"கடைசியில் அரிவாளைப் போட்டுட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்றாரே" என்பார்கள். அரிவாள் வைத்திருந்தவனுக்குச் சொன்ன புத்தி அது. நல்ல புத்திதான். வெட்டுப்பட்டவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லையா?

சரி, அது 1992, இயக்கியவரும் வேறொருவர். தானே இயக்கிய 'விருமாண்டி'க்கு (2004) வருவோம். முதலில் 'சண்டியர்' என்று பேர் வைத்தார். 2003-ல் டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்ததும் பேர் மாறியது. பேரை மாற்றச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. பேர் மாறி இன்னா பிரயோசனம்? மரண தண்டனைக்கு எதிரான படம், அதற்காக அவரைக் கும்பிடலாம். ஒரே சம்பவத்தைக் கொத்தாளத் தேவர் ஒரு மாதிரி சொல்கிறார், விருமாண்டி வேறு மாதிரி சொல்கிறான். உண்மைக்கு இரண்டு பக்கம் உண்டாம். அந்த இரண்டு பக்கமும் ஊருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சேரியிலிருந்து ஒருவன் வந்து மூன்றாவதாக அந்தக் கதையைச் சொன்னால் என்ன ஆகும்? கேமராவைத் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்குள் வரும் அந்த அம்மாவுக்கும் அது தோன்றவில்லை.

1954-ல் அவர் பிறந்தது பரமக்குடியில். அதே பரமக்குடியில்தான் 1957 செப்டம்பர் 11 அன்று இமானுவேல் சேகரனை வெட்டிச் சாய்த்தார்கள். மூன்று வயசுகூட ஆகாத பிள்ளைமேல் பழி போட நான் பைத்தியக்காரன் அல்ல. ஆனால் 'ஹே ராம்' எடுக்கக் கல்கத்தா கலவரம் வரைக்கும் போக முடிந்தவருக்கு, பிறந்த ஊர் ரத்தம் மட்டும் தூரமாகிப்போனதா?

2023-ல் 'மாமன்னன்' பாட்டு வெளியீட்டு மேடையில், அவரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே, 'தேவர் மகன்' தந்த வலிதான் இந்தப் படத்துக்கு ஒரு காரணம் என்று மாரி செல்வராஜ் சொன்னார். மாமன்னனாக நடித்தவர் அதே வடிவேலு. இந்தத் தடவை தெருவில் யாரும் சிரிக்கவில்லை. பார்க்க நைனா இல்லை.