கடைக்கண்ணும் ஓரக்கண்ணும்

'கடை' என்றால் முடிவு. 'ஓரம்' என்றால் விளிம்பு. அப்படியானால் கடைக்கண், ஓரக்கண் ஆகிய இரண்டும் கண்ணின் ஒரே பகுதியைத்தான் குறிக்கின்றன. ஆயினும், ஒன்று வரவேண்டிய இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் மாறிவிடும்.

சிரம்பான், ரந்தாவ், லிங்கி என நெகிரி செம்பிலானின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் இவ்வேறுபாட்டைப் பேச்சுவழக்கிலேயே அறிந்திருந்தனர். "தாயே, உன் கடைக்கண் பார்வை பட்டால் போதும்" என்று மாரியம்மனை வேண்டுவார்கள். ஓரக்கண்ணால் பார்க்கும்படி எவரும் வேண்டுவதில்லை. தோட்டத்துக் கிராணியின் கடைக்கண் ஒருவர்மேல் பட்டால் அது சலுகை. அவர் ஓரக்கண்ணால் பார்த்தால் அது சந்தேகம்.

இதற்குக் காரணம் உண்டு. அபிராமி அந்தாதி போன்ற பக்தி நூல்கள் கடைக்கண்ணை அருளோடு இணைத்துப் பாடுகின்றன. 'ஓரம்' என்ற சொல்லுக்கோ பக்கச்சார்பு என்ற பொருளும் உண்டு. 'ஓரவஞ்சனை' என்ற சொல் அதற்குச் சான்று.

மூன்றாவது சொல் ஒன்றும் இருக்கிறது. திருக்குறளின் 110ஆம் அதிகாரமான குறிப்பறிதலில், 1095ஆம் குறளில், 'சிறக்கணித்தல்' என்ற சொல் வருகிறது. நேராகப் பார்க்காமல், ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, உள்ளுக்குள் மகிழும் காதலியின் பார்வை அது.

'பார்த்தான்' என்று எழுதினாலே போதாதா எனச் சிலர் கேட்கலாம். பார்த்த செயலைச் சொல்ல அது போதும். பார்த்தவரின் மனத்தைச் சொல்லப் போதாது. அதே வேளையில், பொருத்தமற்ற சொல் ஒருவர்மேல் வீண்பழி சுமத்திவிடும். தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குப் புதிதாக வந்த மாணவன் கூச்சத்தால் நிமிர்ந்து பார்க்கத் தயங்கலாம். அவனைப் பற்றி, 'எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்த்தான்' என்று எழுதினால், படிப்பவர் அவனைக் கள்ளமுள்ளவனாக எண்ணிவிடுவர். 'கூச்சத்தோடு பார்த்தான்' என்பதே அவனுக்குச் செய்யும் நியாயம்.

இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மக்களும் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பாட்டி தாத்தாவின் பேச்சில் இச்சொற்கள் இன்னும் ஒலிக்கின்றன. அவற்றைக் கேட்டறிந்து, இடமறிந்து எழுதுவது இளையோரின் கடமையாகும்.