பழைய கணினியைத் தூக்கிப் போடாதீங்க

ஞாயிறு சமய வகுப்புக்குப் பிள்ளைகளை விட வர்ற பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்கிறாங்க: "விண்டோஸ் 10 முடிஞ்சிருச்சாம், புதுசு வாங்கணுமா?"

2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது உண்மைதான். 2017-க்கு முந்திய இன்டெல் சிப் உள்ள கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. அதுக்காக நல்லா ஓடுற கணினி குப்பையாகிடுமா? லினக்ஸ் மின்ட் இலவசம். பள்ளி வேலைக்கு லிப்ரே ஆபிஸ் அதிலேயே இருக்கு.

சிக்கல் கேம்ஸ்லதான். ஸ்டீம்ல உள்ள விண்டோஸ் கேம்ஸ் பலவும் 2018-ல் வந்த புரோட்டான் மூலமா லினக்ஸ்ல ஓடுது. டோட்டா 2-க்கு அதுகூட வேணாம், லினக்ஸ் பதிப்பே இருக்கு. ஆனா வேலோரண்ட் ஓடாது. அதோட ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், கணினியில் விண்டோஸ் இல்லாமல் வேலை செய்யாது. உங்க பிள்ளை கூட்டாளிங்களோட ராத்திரி விளையாடுறது அதுதான்னா, அவனைக் கேட்காம மாத்துறது நியாயமில்லை. "வெறும் கேம்தானே"ன்னு பெரியவங்க சொல்றதை நாங்க ஏத்துக்க மாட்டோம். தைப்பூசத்துல நம்ம தண்ணீர்ப் பந்தல்ல விடிய விடிய நிக்கிறதும் அதே கூட்டாளிங்கதான்!

முக்கியமான கோப்புகளை முதல்ல வேற இடத்துல சேமிச்சு வையுங்க. மின்ட்டை யூஎஸ்பி-லிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், விண்டோஸை அழிக்கத் தேவையில்லை. இந்த ஞாயிறு வகுப்பு முடிஞ்சதும் கணினியைக் கொண்டு வாங்க, நாங்க உதவி செய்றோம். பிள்ளையையும் உட்கார வைங்க, அவன் ஆடுற கேம்ஸ் பட்டியல் அவனுக்குத்தான் தெரியும்.