நொடி நேர நிம்மதி

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலுக்குத் தொழ வருகிறவர்கள் முதலில் ஒளுச் செய்கிறார்கள். கை, வாய், முகம், கால் கழுவச் சில நிமிடம் போதும். ஆனால் எந்த ஊரானாலும் சிலருக்கு அது முடிவதே இல்லை. சரியாக நனைந்ததா என்று சந்தேகம், மறுபடி கழுவல், மறுபடி சந்தேகம். இதை முஸ்லிம்கள் ‘வஸ்வாஸ்’ என்பார்கள். அது ஓயாமல் வாழ்க்கையையே முடக்கும்போது மருத்துவர்கள் ஓசிடி என்னும் மனக்கோளாறு என்கிறார்கள்.

பார்ப்பவர்கள் இதைப் பக்தி மிகுதி என்று நினைக்கலாம். உண்மையில் கையைக் குழாயடிக்கு இழுப்பது பதற்றம். கழுவியதும் பதற்றம் தணிகிறது. ‘கழுவியதால் தப்பினோம்’ என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அதனால் அடுத்த சந்தேகம் இன்னும் வலுவாக வருகிறது.

போதைப் பழக்கத்திலும் இதே வட்டம்தான். மலாயாத் தோட்டங்களில் நாள் முழுக்க உழைத்த தமிழர்களுக்கு மாலையில் கிடைத்த மலிவான ஆறுதல் கள். குடித்தால் உடல்வலியும் அவமானமும் சற்று மறக்கும். விடிந்தால் கடனும் வீட்டுச் சண்டையும் கூடியிருக்கும். அதை மறக்க மீண்டும் கள். 1941இல் கிள்ளானில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்கள், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினார்கள்.

உணவுக் கோளாறும் அப்படியே. நாசி கண்டார் சோறு மணக்கும் பினாங்கில் ஒரு பெண் பட்டினி கிடந்தால் ‘அழகுக்காக’ என்று சொல்லிவிடுகிறோம். பலருக்குப் பசியை அடக்குவது, கைமீறிய வாழ்க்கையில் ஒன்றாவது தன் பிடியில் இருக்கிறது என்ற நிம்மதி. அந்தப் பட்டினியே பிறகு மனத்தைக் குலைக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களைப் பல மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தபோது, அவர்களில் பலருக்குச் சோர்வும் எரிச்சலும் கூடின. உணவைப் பற்றிய நினைப்பே மனத்தை ஆக்கிரமித்தது.

துயரம் மட்டுமே காரணம் என்பதல்ல. பரம்பரைக் கூறும், போதைப்பொருள் எளிதில் கிடைப்பதும் சேர்கின்றன. ஆனாலும் சூழல் மாறினால் பழக்கம் எவ்வளவு மாறும் என்பதை வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை ஆராய்ந்த லீ ராபின்ஸ் காட்டினார். அங்கே ஹெராயினுக்கு அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காட்டினரே.

ஆகவே ‘மனவுறுதி இல்லாதவன்’ என்ற ஏச்சு நோயாளியின் துயரத்தைத்தான் கூட்டும். வட்டத்தை அறுக்க வழிகள் உண்டு. ஓசிடிக்கு, பதற்றம் வந்தாலும் கழுவாமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையை 1966இல் லண்டனில் விக்டர் மேயர் விவரித்தார். கழுவாவிட்டாலும் பதற்றம் தானே தணியும் என்பதை மூளை அப்போது கற்கிறது. ‘உறுதியானதைச் சந்தேகம் நீக்காது’ என்ற இஸ்லாமியச் சட்ட நெறியும் இதற்கு வெகு அருகில் நிற்கிறது. ஹெராயின் அடிமைகளுக்கு மெத்தடோன் என்னும் மாற்று மருந்து உண்டு. 2010இல் கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலே அதைத் தன் வளாகத்தில் வழங்க முன்வந்தது. உணவுக் கோளாறில் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அது உயிரையே பறிக்கக்கூடியது.

வீட்டில் ஒருவர் இப்படித் தவித்தால் ‘ஏன் நிறுத்த மாட்டேன் என்கிறாய்?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ‘எந்த நேரத்தில் தாங்க முடியாமல் போகிறது?’ என்று கேளுங்கள். சிகிச்சை அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது.