மரபணுக் கத்தரி

கெலமங்கலம் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "நாலு மாசமாக முழுகாமல் இருக்கிறேன். எனக்கு அரிவாள் அணு சோகையின் கூறு இருக்கிறதாம். ஜீனையே வெட்டிச் சரிசெய்யலாமாமே, நிஜமா?"

நிஜம்தான், சகோதரி. 2012-ல் வெளிவந்த 'கிரிஸ்பர்' முறை அது. வழிகாட்டும் ஆர்.என்.ஏ. இழை ஒன்று ஜீனில் சரியான இடத்தைத் தேடிப் பிடிக்கும். 'காஸ்-9' என்ற புரதம் அங்கே கத்தரிக்கும். கிழிசலை நாம் இழுத்துத் தைப்பதுபோல் உடம்பே அதை ஒட்டிக்கொள்ளும். 2023-ல் பிரிட்டன் அனுமதித்த சிகிச்சை, கருவில் இருந்தபோது ஊறிய ஹீமோகுளோபினை மறுபடி ஊற வைக்கிறது. நம் டில்லி விஞ்ஞானிகளும் 2025-ல் 'பிர்சா 101' என்று ஒரு முறையை அறிவித்தார்கள்.

ஆனால் லேசான வைத்தியமல்ல. ரத்த மூல அணுக்களை வெளியே எடுத்துத் திருத்தி, கடும் மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்துவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும். அதுவும் நோயாளிக்குத்தான், வயிற்றுக் குழந்தைக்கு அல்ல.

உங்களுக்கோ கூறு மட்டும்தான், நோயில்லை. உங்களவருக்கும் இதே கூறோ, தலசீமியாக் கூறோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஓசூருக்குச் செக்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போய் ரத்தம் கொடுக்க வையுங்கள். ஷிப்டு இருக்கிறது என்று நழுவுவார், விடாதீர்கள்! அவருக்கும் இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். பிறந்ததும் குழந்தையின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். நோய் இருந்தால், சின்ன வயதிலேயே பென்சிலினும் தடுப்பூசிகளும் கொடுப்பது உயிர் காக்கும்.