பெயரேடுகளும் பெயரற்றவர்களும்

வம்சாவளி தேடுவது வேலையற்ற வெள்ளையர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம் இலக்கிய வட்டாரத்தில் ஊறிப்போயிருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்பும் இறப்பும் அரசின் ஏட்டில் ஏறின. அதற்கு முன் ஊர்ச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் இருந்தன. கட்டணம் செலுத்தினால் இன்று வீட்டிலிருந்தபடியே அவற்றைப் பார்க்கலாம். கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் ஒருவர் அப்படித் தேடித் தம் பாட்டனின் பாட்டனைக் கண்டுபிடித்துக் கண்ணீர் விட்டால், நாம் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் புன்னகையில் அறியாமை இருக்கிறது என்பதே எங்கள் வாதம்.

ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். 1835-இல் பிறந்தவர், 1852-இல் இலங்கைக்கு வந்தார். 1867-இல் லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1892-இல் அவர் இறந்தபோது தோட்டத் தொழிலாளர்கள் அவருடைய உடலைக் கண்டி வரை மாறி மாறிச் சுமந்து சென்றார்கள். பிறந்த ஊரில் அவருக்குப் பதிவேடு உண்டு. கண்டியில் கல்லறையும் உண்டு. சுமந்தவர்களின் பெயர் என்ன? அவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? நம்மில் எவராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோமா? கங்காணியின் பின்னால் நடந்து வந்த அந்த மக்களுக்கு 1901-க்குப் பிறகு தகரத்துண்டு கொடுத்தார்கள். அதில் பொறித்திருந்தவை எழுத்தும் எண்ணும்தான்.

பெயர் இல்லாமற்போனதன் விலை பின்னால் தெரிந்தது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தீவிலேயே பிறந்தவரிடமும் தந்தை அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவரிடம் ஏது காகிதம்? மலையகத் தமிழரில் பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கைத் தீர்க்க இன்னும் பத்து ஆண்டு ஆயிற்று. வம்சாவளி என்பது பொழுதுபோக்கு என்று இவர்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி நம் காவிரிக் கரைக்கு வருவோம். 1860 முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பின் தழும்பு, கிராமம், தாலுகா, ஜில்லா என்று கட்டம் போட்டு எழுதிய கப்பல் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. அந்த ஏட்டில் 'நன்னிலம், தஞ்சாவூர் ஜில்லா' என்று ஒரு வரி கிடைத்து ஒருவர் டர்பனிலிருந்து புறப்பட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தேடும் நன்னிலம் 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும் 1997-இல் திருவாரூர் மாவட்டத்துக்கும் போய்விட்டது. அதுகூடப் பெரிய சங்கடமில்லை. அவர் கையிலிருக்கும் பெயருக்கு எதிர்ப்பெயர் இங்கே எந்த ஏட்டிலும் இல்லை என்பதே சங்கடம். நிலம் வைத்திருந்தவனுக்குப் பட்டா உண்டு, பத்திரம் உண்டு. பண்ணையாளுக்கு என்ன உண்டு? கடல் கடந்தவனுக்காவது ஒரு வரி மிஞ்சியது. சேற்றிலேயே நின்ற அவன் தம்பிக்கு அதுவும் இல்லை.

நம் ஊர் வரலாறுகளை எடுத்துப் பாருங்கள். நன்னிலம் என்றால் மதுவனேஸ்வரர் மாடக்கோயில், சுந்தரர் பதிகம். பக்கத்துக் கூத்தனூர் என்றால் ஒட்டக்கூத்தர். அத்தோடு வரலாறு முடிந்துவிடுகிறது. அவற்றை எழுத வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரை, அவர்கள் வந்த ஊரோடும் குடியிருந்த வீட்டின் வரிசையோடும் வெட்டுவித்திருக்கிறான். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கல்லில் முடிந்தது இன்று காகிதத்தில் முடியாதா? முடியும். அந்தப் பெயர்கள் வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மறுப்புகள் வரும். காலனிக்காரன் தன் வசதிக்கு எழுதிய பட்டியல், பெயர்களைச் சிதைத்த பட்டியல், அதற்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பார்கள். உண்மைதான், அது ஆளை அளந்த பட்டியல். ஆனால் அதைக் குறைசொல்லும் தகுதி, அதைவிட நல்ல பட்டியல் ஒன்றை வைத்திருப்பவனுக்கே உண்டு. வேர் தேடினால் சாதியைத்தான் தோண்டி எடுப்பீர்கள் என்பார்கள். ஏட்டிலுள்ள சாதிக் கட்டம், வந்தவர் ஊரின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவது மெய்தான். ஆனால் தெருவைப் பிரித்து வைத்தது ஏடு அல்ல, நாம். அவர் தேடி வருவது சாதியை அன்று. ஒரு பாட்டியின் பெயரை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேடுகள், பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், தரங்கம்பாடி முதலிய ஊர்களின் சபைப் பதிவேடுகள் ஆகியவை எங்கெங்கே எந்த நிலையில் இருக்கின்றன என்று முதலில் ஒரு பட்டியல் வேண்டும். நூறாண்டு கடந்தவை படியெடுக்கப்பட்டு எல்லாருக்கும் திறக்கப்பட வேண்டும். ஊர் வரலாறு எழுதும் நண்பர்கள் கோபுரத்தின் உயரத்தை அளந்து முடித்த பிறகு, ஒரு நாள் சேரியில் உட்கார்ந்து, பினாங்குக்கும் இரங்கூனுக்கும் கண்டிக்கும் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைக் கிழவிகளிடம் கேட்டு எழுத வேண்டும். அந்தக் கிழவிகள் இன்னும் அதிக நாள் இருக்கப் போவதில்லை.

ஸ்காட்லாந்துக்காரனைப் பார்த்துப் புன்னகைப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவன் ஊரில் ஆடு மேய்த்தவனுக்கும் ஏட்டில் ஒரு வரி இருக்கிறது.